பேணுநர் கடன்

தேர்வுக்காகப் படிப்பதில் ஒரு மாணவனின் அறிவு தெரியும். எவரும் கேளாத பொழுதில், மதிப்பெண்ணுக்கு உதவாத ஒன்றை விரும்பிச் செய்வதில் அவனுடைய இயல்பு தெரியும். கணினி அறிவியல் பயில்வோரிடம் இவ்வியல்பு மற்றத் துறையினரைக் காட்டிலும் இளமையிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. மருத்துவம் பயில்பவர் பட்டம் பெறுமுன் தனித்து நின்று நோயாளிக்கு மருந்து எழுத இயலாது. கட்டடக்கலை பயில்பவர் வரைந்த வீட்டில் அவர் படித்துக்கொண்டிருக்கும்போதே எவரும் குடியேறுவதில்லை. ஆனால் விடுதி அறையில் அமர்ந்து பத்தொன்பது வயதில் எழுதிய நிரலைத் திறந்த மூலமாக ஒருவர் வெளியிட்டால், அவர் பெயரைக்கூட அறியாத யாரோ ஒருவர் வேற்று நாட்டில் அதைத் தம் அன்றாட அலுவலுக்கு எடுத்துக்கொண்டுவிடலாம். இவ்வளவு இளம் வயதில் இவ்வளவு தொலைவுக்கு எட்டும் கை வேறு எந்தக் கல்விக்கும் வாய்த்ததில்லை. எட்டும் தொலைவு பெருகுந்தோறும் கையின் தூய்மையும் உறுதியும் பெருக வேண்டும் என்பதை அவ்வயதில் எடுத்துச் சொல்வார் அரியர்.

திறந்த மூலத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் உரிமையின் பக்கம் நின்றே பேசுகின்றனர். மூலநிரலைப் படிக்கும் உரிமை, மாற்றும் உரிமை, பிறர்க்கு வழங்கும் உரிமை ஆகியவற்றுக்காக ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் குனு திட்டத்தை அறிவித்து மேற்கொண்ட போராட்டம் பெருமதிப்புக்குரியது; அதன் பயனை இன்று நாம் அனைவரும் துய்க்கிறோம். ஆயினும் அவ்வுரிமையைப் பெற்றவர் கோடிக்கணக்கினர். அதன் அடியில் இருக்கும் கடமையைத் தோளில் சுமப்பவர் மிகச் சிலர். தம் ஆர்வத்துக்காக ஒன்றைச் செய்துகொள்ளும் வரையில் அது விளையாட்டு. அதைப் பிறர் கையில் கொடுத்து, அவர் அதன்மேல் தம் வேலையை ஏற்றி வைத்த நாள் முதல், கொடுத்தவரும் அறியாமல் ஒரு வாக்கு உண்டாகிவிடுகிறது. அந்த வாக்கைக் காப்பதில் ஒரு வாழ்நாள் எவ்வாறு உருப்பெறுகிறது என்பதே இங்கே கருதத்தக்கது.

பின்லாந்தின் தலைநகரான ஹெல்சிங்கியில் 1969-இல் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸின் இளமை இதற்குத் தக்க சான்று. அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் பேராசிரியர். பாட்டனார் தாம் வாங்கிய கொமடோர் விக்-20 என்னும் சிறு கணினியின் முன் பேரனை அமர்த்தி, தாளில் எழுதி வைத்திருந்த நிரல்களை உள்ளிடச் செய்தார். பிறர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் உள்ளிடும் அப்பயிற்சியே அச்சிறுவனுக்கு முதல் பள்ளியாயிற்று. 1988-இல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, இடையே கட்டாயப் படைப்பணியை முடித்துத் திரும்பியபோது, யூனிக்ஸ் பாடமும் ஆண்ட்ரூ டானன்பாம் எழுதிய இயங்குதள நூலும் அவர் உள்ளத்தைப் பற்றிக்கொண்டன. 1991 சனவரியில் தவணைக் கடனில் 386 வகைக் கணினி ஒன்றை வாங்கினார்.

அதில் அவர் முதலில் செய்த வேலை எத்துணைச் சிறியது என்பதை இன்றைய மாணவர் அருகில் நின்று காண வேண்டும். இயந்திரத்தின் அடிப்படையை அறியும் பொருட்டு இரண்டு பணிகளை உருவாக்கினார். ஒன்று ஏ என்ற எழுத்தைத் திரையில் இடைவிடாது எழுதும். மற்றொன்று பி என்ற எழுத்தை எழுதும். கணினியின் கடிகாரம் குறித்த இடைவெளியில் இரண்டையும் மாற்றி மாற்றி ஓடவிடும். ஏ வரிசை, பின் பி வரிசை, மீண்டும் ஏ வரிசை எனத் திரை நிரம்பியதே அன்றைய வெற்றி. பின்னர் அப்பணிகளில் ஒன்று விசைப்பலகையிலிருந்து பெற்றதைத் தொலைபேசி இணைப்பு வழியே பல்கலைக்கழகக் கணினிக்கு அனுப்பவும், மற்றொன்று அங்கிருந்து வருவதைத் திரையில் காட்டவும் மாற்றப்பட்டன. வந்ததைச் சேமித்து வைக்க வட்டு இயக்கி வேண்டியிருந்தது. வட்டில் ஒழுங்காக வைக்கக் கோப்பு முறைமை வேண்டியிருந்தது. தேவை ஒவ்வொன்றாய் எழ, அதற்கேற்ற பகுதி ஒவ்வொன்றாய் எழுதப்பட்டது. உலகை மாற்றுவேன் என்ற சூளுரை அங்கே இல்லை. அடுத்த தேவை எதுவோ அதைச் செவ்வையாகச் செய்யும் பொறுமையே இருந்தது.

1991 ஆகத்து 25-ஆம் நாள் தாம் ஓர் இயங்குதளம் எழுதி வருவதாக அவர் அறிவித்தபோது, அது பொழுதுபோக்கு முயற்சியே என்றும், பெரிதாக வளரக்கூடியது அன்று என்றும் அடக்கமாகவே கூறினார். பயன்படுத்துவோர் எதை விரும்புகின்றனர் என்றும் கேட்டார். செப்டம்பரில் வெளிவந்த முதல் பதிப்பு ஏறத்தாழப் பத்தாயிரம் வரிகளே கொண்டது. தம் பெயரைத் தாமே அதற்குச் சூட்டுவது தற்பெருமையாகும் என்று கருதி வேறொரு பெயரை அவர் எண்ணி வைத்திருந்தார். பல்கலைக்கழக வழங்கியில் அதற்கு இடமளித்த ஆரி லெம்கே என்பவரே லினக்ஸ் என்று பெயரிட்டார். முழுமையுற்றது என்னும் பொருள்படும் 1.0 என்ற எண்ணை அதற்கு இடுவதற்கு 1994 மார்ச்சு வரை அவர் காத்திருந்தார். தொடங்கிய அன்றே முழுமையை அறிவிக்கும் பழக்கம் பெருகிய இந்நாளில் இந்த இரண்டரை ஆண்டுக் காத்திருப்பை இளைஞர் எண்ணிப் பார்ப்பது நலம்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய குணத்தை நன்கு விளக்கும். நிரலைப் பயன்படுத்தியவர்கள் பணம் அனுப்ப முன்வந்தபோது, கணினிக்கான கடன் தீராத நிலையிலும் அவர் பணம் வேண்டாம் என்றார். தத்தம் ஊரிலிருந்து அஞ்சலட்டை அனுப்பினால் போதும் என்றார். நியூசிலாந்திலிருந்தும் சப்பானிலிருந்தும் அவர் வீட்டுக்கு அட்டைகள் வந்து சேர்ந்தன. செல்வத்தை வெறுக்க வேண்டும் என்பதற்காக நான் இதைக் கூறவில்லை. உழைத்தவர் கூலி பெறுவது அறமே. கைக்கு எட்டியதைக் கொள்ளாது நின்ற அத்தருணத்தில், தமக்கும் நிரலைப் பெற்றவர்க்கும் இடையே இருந்தது வணிகம் அன்று என்பதை அவ்விளைஞர் தம் அளவில் உறுதி செய்துகொண்டார். முதலில் நிரலைக் காசுக்கு வழங்குவதைத் தடுத்திருந்த தம் உரிமத்தை 1992-இல் கைவிட்டு, குனு பொது உரிமத்தை ஏற்றதும் இதன் தொடர்ச்சியே. பிறர் அதை விற்றுப் பொருளீட்டலாம். ஆனால் மாற்றி வழங்குவோர் மாற்றிய மூலத்தையும் வழங்கியாக வேண்டும். தாம் மறுத்த ஆதாயத்தைப் பிறர் அடைவதைப் பொறுக்கும் மனம், கொடுக்கும் மனத்தினும் ஒரு படி அரியது.

வாக்கு எவ்வாறு வளர்கிறது என்பதை அடுத்த ஆண்டுகள் காட்டின. பத்தாயிரம் வரிகள் மூன்று கோடியைக் கடந்தன. 2017 நவம்பரிலிருந்து உலகின் முதல் ஐந்நூறு மீத்திறன் கணினிகள் அனைத்தும் லினக்ஸில் இயங்கி வருகின்றன. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் அடியில் இருப்பதும் அதன் மையப் பகுதியாகிய கருனியே. இத்தனை பேர் சார்ந்திருக்கும் ஒன்றைக் காப்பதற்கு டோர்வால்ட்ஸ் ஒரு நெறியைக் கண்டிப்புடன் கைக்கொண்டார்: கருனியில் செய்யும் எந்தத் திருத்தமும் அதன்மேல் ஏற்கெனவே ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த பயனர் நிரலை முறித்துவிடக் கூடாது. புதிய முறை எவ்வளவு அழகியதாயினும், பழையதை நம்பியிருந்தவரைக் கைவிடுமாயின் அது பிழையே. பொறியியல் விதியாகச் சொல்லப்படும் இதனை நான் ஒழுக்க விதியாகவே கருதுகிறேன். நம்பினவர்க்குத் தீங்கு செய்யாமை என்னும் பழைய அறம் அங்கே புதிய தொழிலில் வேலை செய்கிறது.

ஆனால் நெறியைக் காக்க எழுந்த சினம், நெறி தவறியவரைப் புண்படுத்தும் வன்சொல்லாகப் பல ஆண்டுகள் வெளிப்பட்டது என்பதையும் மறைத்தல் தகாது. பிழையான திருத்தத்தை அனுப்பியவர் பலர் முன்னிலையில் கடுமொழிக்கு ஆளானார். அச்சொற்களைக் கண்டு அஞ்சி, திறமுடைய இளைஞர் சிலர் அப்பணியின் வாயிலிலேயே திரும்பினர். 2018 செப்டம்பரில், தம் ஐம்பதாவது வயதை நெருங்கிக்கொண்டிருந்த டோர்வால்ட்ஸ், தம் நடத்தைக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்து, பிறர் உணர்வுகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போவதாகக் கூறி, பொறுப்பிலிருந்து சிறிது காலம் ஒதுங்கினார். கிரெக் குரோவா-ஹார்ட்மன் அவ்விடைவெளியில் பணியை நடத்த, அக்டோபர் இறுதியில் அவர் மீண்டார். இருபத்தேழு ஆண்டுகள் பழகிய நாவை அடக்க முற்படுவது எளிதன்று. அவரை ஏற்றிப் போற்றுவோர் அவருடைய நிரலை மட்டும் பயிலாமல் இத்திருத்தத்தையும் பயில வேண்டும். சினத்தைத் திறமையின் அடையாளமாக எண்ணிப் பின்பற்றும் இளைஞர் கணினித்துறையில் மிகுதி. அவர்கள் இழப்பது உடனுழைப்பாரை. உடனுழைப்பாரை இழந்த நிரல் நெடுநாள் வாழ்ந்ததில்லை.

பேணுதல் தளர்ந்தால் விளைவது யாது என்பதற்கு 2014 ஏப்ரல் 7-ஆம் நாள் வெளிப்பட்ட வழு நிலையான சான்றாகிவிட்டது. இணையத்தில் செய்திகளை மறைகுறியாக்கி அனுப்ப மிகப் பல தளங்கள் பயன்படுத்தும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரல்தொகுப்பில் இருந்த அதனை இதயக் குருதிக்கசிவு என்னும் பொருளில் ஹார்ட்பிளீட் என்றழைத்தனர். அதன் உள்ளமைப்பு எளிதில் விளங்கக்கூடியது. இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று அறிய, ஒரு கணினி மற்றொன்றுக்குச் சிறு சொல் ஒன்றை அனுப்பி, அச்சொல்லின் நீளத்தையும் குறிப்பிட்டு, அப்படியே திருப்பி அனுப்புமாறு கேட்கும். கேட்பவர் ஓரெழுத்தை அனுப்பிவிட்டு அதன் நீளம் அறுபத்து நாலாயிரம் என்று பொய் கூறினால், பெறும் கணினி அந்த நீளத்தை அளந்து பார்த்திருக்க வேண்டும். அளக்கும் அந்தச் சிறு சரிபார்ப்பு எழுதப்படவில்லை. ஆதலால் ஓரெழுத்தோடு, நினைவகத்தில் அதனை அடுத்துக் கிடந்த கடவுச்சொற்களையும் மறைதிறவுகோல்களையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. அந்நிரல் தொகுப்பில் சேர்க்கப்பட்டது 2011-ஆம் ஆண்டின் கடைசி நாளில். எழுதியவர் செருமனியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த இளைஞர். சரிபார்த்து ஏற்றுக்கொண்டவர் அனுபவம் மிக்கவர். இருவர் கண்ணிலும் அது படவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக உலகின் கண்ணிலும் படவில்லை.

அவ்விளைஞர் தம் பிழையை மறைக்காமல் ஏற்றுக்கொண்டார். அவரைப் பழிக்க எனக்கு மனம் வரவில்லை. பெரும் நிறுவனங்கள் தம் வணிகம் முழுவதையும் ஏற்றி வைத்திருந்த அத்தொகுப்புக்கு அந்நாளில் ஓராண்டில் வந்த நன்கொடை ஏறத்தாழ இரண்டாயிரம் டாலர். முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவரே. நம் ஊர்களில் ஏரியை வெட்டியவன் பெயரைக் கல்லில் பொறித்தார்கள். ஆயினும் ஆண்டுதோறும் குடிமராமத்துக்கு ஆள் வராத ஏரியில் மதகு அரித்துப்போய் ஒரு மழைக்காலத்தில் கரை உடைந்தது. நீர் பாய்ந்த வயல்காரர் அனைவரும் கரைக்கு மண் சுமந்த காலத்தில்தான் ஏரி ஏரியாக இருந்தது. இந்த வழுவிலும் உடைந்தது ஒருவருடைய கவனம் மட்டும் அன்று. பயன்கொண்டும் திரும்பிப் பாராத பல்லாயிரவர் மறந்த கடமையும் அங்கே சேர்ந்து உடைந்தது. அதன் பின்னரே பெருநிறுவனங்கள் கூடி அதற்குப் பொருளுதவி செய்ய முன்வந்தன.

பேணுநரின் தனிமையைப் பகைவர் பயன்படுத்திக்கொண்ட கதை பத்தாண்டு கழித்து நிகழ்ந்தது. கோப்புகளைச் சுருக்கி வைக்க உதவும் எக்ஸ்இசட் என்னும் சிறு தொகுப்பை, பின்லாந்து நாட்டவர் ஒருவர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் ஆண்டுக்கணக்காகப் பேணி வந்தார். 2022-இல் அவர் மனநலம் குன்றித் தளர்ந்திருந்தார். அதை மறைக்கவும் இல்லை. அந்நிலையில் முகமறியாத சிலர், வேலை மெதுவாக நடக்கிறது என்றும் பொறுப்பை வேறொருவரிடம் கொடு என்றும் தொடர்ந்து நெருக்கினர். அதே காலத்தில், சியா டான் என்னும் பெயரில் ஒருவர் பணிவோடும் உழைப்போடும் திருத்தங்கள் அனுப்பி, நம்பிக்கையைப் பெற்று, மெல்ல மெல்ல உரிமையும் பெற்றார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த இரண்டு பதிப்புகளில் அவர் கள்ளக்கதவு ஒன்றை ஒளித்து வைத்தார். உலகெங்கும் வழங்கிகளுக்குள் நுழைய வழி செய்யக்கூடிய கதவு அது.

அது பரவுமுன் தடுத்தவர் ஆண்ட்ரஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர். தரவுத்தள நிரல் ஒன்றின் வேகத்தை அளக்கும் பணியில் இருந்த அவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது வழக்கத்தினும் அரை நொடி கூடுதலாவதைக் கண்டார். அரை நொடிதானே என்று அவர் விட்டிருக்கலாம். மற்றவர் விட்டுத்தான் இருப்பர். அவர் விடாமல் காரணத்தைத் தேடிச் சென்று மூலத்தைக் கண்டு, மார்ச்சு 29-இல் உலகுக்கு அறிவித்தார். கடமையில் பழகிய கவனம் எவ்வளவு நுண்ணியதாக இருக்க முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான காட்டு அண்மைக் காலத்தில் நான் அறியேன். ஏமாற்றப்பட்ட பேணுநரிடம் குற்றம் காண்பது முறையன்று. விலையின்றிப் பெற்றதை விரைந்து தரவில்லை என்று கடிந்து எழுதும் பழக்கம் எத்தகைய கொடுமைக்குப் போர்வையாகக்கூடும் என்பதையே அந்நிகழ்ச்சி காட்டியது. உண்மைப் பயனர் அனைவரும் பொறுமையோடு எழுதும் உலகில், வஞ்சகரின் நெருக்குதல் தனித்துத் தெரிந்திருக்கும்.

இனி, இப்பணிக்குப் புதிதாக வரும் மாணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். லினக்ஸ் கருனிக்கு அனுப்பும் திருத்தம் ஒவ்வொன்றின் கீழும், இதை வழங்க எனக்கு உரிமை உண்டு என்று உறுதிகூறி அனுப்புபவர் தம் பெயரை இடவேண்டும் என்ற முறை 2004-இல் வந்தது. சட்டத் தேவைக்காக எழுந்த முறையே எனினும், செய்த வேலையின் கீழ்ப் பெயரிடுவது என்பது அதற்கு நான் பொறுப்பு என்று சொல்வதாகும். 2021-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், சரிபார்ப்போர் ஏமாறுகின்றனரா என்று அறிவதற்காக வேண்டுமென்றே பிழை பொதிந்த திருத்தங்களைப் போலிப்பெயரில் அனுப்பியிருந்தது வெளியானபோது, அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்பு முழுவதையும் கருனிப் பேணுநர்கள் நிறுத்தி வைத்தனர். பல ஆண்டுகளாக நேர்மையோடு அங்கிருந்து உழைத்தவர்களின் திருத்தங்களும் ஐயத்துக்கு ஆளாகி மறுபடி ஆராயப்பட்டன. ஆய்வுக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. அறிவு தேடுவதே நோக்கமாயினும், நம்பி வாயில் திறந்தவரைக் கேளாமல் சோதனைப் பொருளாக்குவது அறிவுக்கே இழுக்கு.

நம் நாட்டு மாணவர்க்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்று உண்டு. ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் திறமூலத் திட்டங்களுக்குக் குறித்த எண்ணிக்கையில் திருத்தம் அனுப்புவோர்க்கு விலையில்லாச் சட்டை வழங்கும் நிகழ்வு நடந்து வந்தது. 2020-இல், சட்டை பெறும் எளிய வழியைக் காட்டிய காணொளி ஒன்றைக் கண்டு, பல்லாயிரவர் பொருளற்ற திருத்தங்களை அனுப்பினர். திட்டத்தின் முதற்பக்கத்தில் ஒரு புகழ்ச்சொல்லைச் சேர்ப்பது, தலைப்பில் ஓர் அடைமொழியை நுழைப்பது என்ற அளவில் அவை இருந்தன. பேணுநர்கள் தம் நாள்களை அவற்றை மூடுவதிலேயே செலவிட நேர்ந்தது. விரும்பிப் பதிந்துகொண்ட திட்டங்களுக்கு மட்டும் என்று நடத்துவோர் அந்த மாதத்திலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அத்திருத்தங்களை அனுப்பியவர்களில் நம் நாட்டு மாணவர் மிகுதி என்பதை எண்ணி வருந்துகிறேன். வேலை கிடைக்க வேண்டும், தற்குறிப்பில் ஒரு வரி சேர வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு உண்டு என்பதை அறிவேன். வீட்டின் கடன் சுமையைத் தோளில் தாங்கிப் படிக்கும் பிள்ளையிடம் பற்றின்மையைப் போதிப்பது எளிது. போதிப்பவர்க்கு அதில் இழப்பு இல்லை. ஆயினும் உழைப்பின் தோற்றத்தை உழைப்பாகக் காட்டப் பழகிய மனம், வேலை கிடைத்த பின்னும் அதையே செய்யும். நாற்பதாவது வயதில் திருந்த எண்ணினாலும் கைக்கு வேறு பழக்கம் இராது.

நல்ல தொடக்கம் மெதுவானது. தாம் நாள்தோறும் பயன்படுத்தும் நிரல் ஒன்றைத் தேர்ந்து, அதில் தமக்கே தடையாக நின்ற ஒரு வழுவை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எந்தப் பதிப்பில், எந்தச் செயலைச் செய்தபோது தோன்றுகிறது என்பதைத் திரும்பத் திரும்பச் செய்து உறுதிப்படுத்த வேண்டும். அதே வழுவை முன்னரே வேறெவரேனும் அறிவித்திருக்கின்றனரா என்று பழைய பதிவுகளைப் படிக்க வேண்டும். பின் மூலநிரலில் அவ்விடத்தைக் கண்டு, மூன்று வரி மாற்றினால் போதும் என்றால் மூன்று வரி மட்டுமே மாற்றி, ஏன் மாற்றினோம் என்பதை மாற்றத்தினும் நீளமாக எழுதி அனுப்ப வேண்டும். பேணுநர் குறை கூறினால் நன்றி சொல்லித் திருத்த வேண்டும். மறுத்தால் காரணம் கேட்டு அமைய வேண்டும். டெக் என்னும் அச்சுக்கோப்பு நிரலை எழுதிய டொனால்டு குனூத், தம் நூல்களில் பிழை கண்டவர்க்கு 2.56 டாலர் காசோலையைத் தம் கையால் எழுதி அனுப்பி வந்தார். பெற்றவர் பலர் அதை மாற்றாமல் போற்றி வைத்தனர். பிழை காண்பவரைப் பகைவராகக் கருதாத அத்தகைய முதியோரின் துறை இது என்பதை இளையோர் நினைவில் கொள்ளட்டும்.

ஒரு நிரல் ஒரு வாழ்நாளையே உருவாக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் பிராம் மூலனார் சான்று. 1961-இல் பிறந்து டெல்ஃப்டில் மின்பொறியியல் பயின்ற அவர், தம் அமிகா கணினியில் தமக்கு வேண்டிய உரைத்தொகுப்பி இல்லாமையால் பிறர் எழுதிய ஒன்றைத் திருத்தத் தொடங்கினார். 1991-இல் விம் என்ற பெயரில் அதை உலகுக்கு வழங்கினார். 1994-இல் உகாண்டாவின் தென்பகுதியில் உள்ள கிபாலே சிறுவர் மையத்தில் குடிநீர், தூய்மைப் பணிகளுக்குப் பொறியாளராகச் சென்றவர், பெற்றோரை இழந்த குழந்தைகளை அங்கே கண்டார். திரும்பியதும் தம் நிரலின் உரிமத்தையே ஒரு வேண்டுகோளாக்கினார்: விலையின்றி எடுத்துக்கொள்ளுங்கள், பயன் கண்டால் அக்குழந்தைகளுக்கு உதவுங்கள். விம்மைத் திறக்கும் எவர்க்கும் முதற்றிரையில் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளைப் பற்றிய அவ்வரி நெடுங்காலம் தோன்றியது. நிரலெழுதும் ஆர்வமும் இரக்கமும் இரண்டு வெவ்வேறு வாழ்க்கைகளாகப் பிரிந்து கிடக்க வேண்டியதில்லை என்பதை முப்பத்திரண்டு ஆண்டுகள் அவர் வாழ்ந்தே காட்டினார். 2023 ஆகத்து 3-ஆம் நாள் அவர் மறைந்தபோது, பல ஆண்டுகளாக உடனுழைத்த கிறிஸ்டியன் பிராபண்டு முதலியோர் பொறுப்பை ஏற்றனர். 2024 சனவரியில் வெளிவந்த 9.1 பதிப்பை அவருக்கு உரித்தாக்கினர்.

எல்லார்க்கும் வாழ்நாள் முழுதும் ஒன்றைப் பேணும் சூழல் வாய்க்காது. வாய்க்க வேண்டும் என்று கேட்பதும் நேர்மையன்று. திறமூல உரிமங்கள் பெரும்பாலானவை, இதனால் வரும் இழப்புக்கு ஆக்கியவர் பொறுப்பாகார் என்று தெளிவாகவே கூறுகின்றன. கைம்மாறு கருதாது கொடுத்தவரை வழக்காடு மன்றத்தில் நிறுத்துவது கூடாது என்ற அளவில் அது நீதியானதே. ஆனால் சட்டம் விடுவித்த இடத்திலிருந்துதான் குணத்தின் பொறுப்பு தொடங்குகிறது. இயலும்வரை பேணுவது அதில் ஒரு கூறு. இயலாதபோது தக்கவரைத் தேர்ந்து ஒப்படைப்பது இன்னொரு கூறு. டோர்வால்ட்ஸே இதற்கும் வழிகாட்டினார். கருனியின் மாற்றங்களை மேலாள அதுவரை பயன்பட்ட தனியார் நிரலின் இசைவு 2005-இல் நீங்கியபோது, அவர் ஏப்ரல் மாதத்தில் கிட் என்னும் நிரலைச் சில நாள்களிலேயே எழுதினார். சூலையில் அதை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டுத் தம் பழைய பணிக்குத் திரும்பினார். மூன்று மாதங்களில் ஹமானோவின் திருத்தங்களைப் படித்து, அவருடைய சுவையையும் பொறுமையையும் அறிந்தே கொடுத்தார். உலகின் பெரும்பாலான நிரலாளர் இன்று பயன்படுத்தும் அந்நிரலை அதன்பின் இருபதாண்டுகளாகப் பேணி வருபவர் ஹமானோவே. தொடங்கியவர் பெயர் அறிந்த மாணவருள் அவர் பெயர் அறிந்தோர் மிகச் சிலர்.

ஒப்படைக்கவும் ஆள் கிடையாத நிலை மாணவர்க்கே மிகுதியும் நேர்கிறது. படிப்பு முடிகிறது, வேலை வேறு ஊருக்கு அழைக்கிறது, பெற்றோர் நோயுறுகின்றனர், மூன்றாமாண்டில் ஆர்வத்தோடு வெளியிட்ட நிரலைப் பார்த்து ஓராண்டு ஆகிவிட்டது. அப்போது வரும் கேள்விகளுக்கு விடை எழுதாமல் இருந்துவிடுவதே வழக்கமாக இருக்கிறது. அதைக் காட்டிலும், ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கித் திட்டத்தின் முதற்பக்கத்தில் நான்கைந்து வரிகள் எழுதலாம்: இன்ன நாள் முதல் இதனை நான் பேணவில்லை, கடைசியாகச் சோதித்தது இன்ன இயங்குதளத்தில், இன்ன பதிப்பில், எனக்குத் தெரிந்து தீராமல் நிற்கும் வழுக்கள் இவை, இதே வேலையைச் செய்யும் வேறு நிரல் இது, மேற்கொண்டு பேண விரும்புவோர் இம்முகவரிக்கு எழுதினால் உரிமையைத் தருவேன். இவ்வளவையும் எழுதி, கீழே பெயரும் இட்டு, சேமித்துவிட்டு அவர் தம் அடுத்த வேலைக்குப் போகலாம்.